தரவுத்தளமும் மெய்நிகர் இயந்திரங்களும் ஒரே சர்வரில்: இரண்டு எஸ்எஸ்டிகளை எங்கே பயன்படுத்துவது?

கேள்வி

வணக்கம். ஒரே சர்வரில் கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருள் வழியாகப் பத்து மெய்நிகர் இயந்திரங்களை இயக்கி வருகிறேன். அவற்றுள் ஒன்றில் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் உள்ளது; மற்றவற்றில் இணையச் செயலிகளும் கோப்புச் சேமிப்பும் உள்ளன. அனைத்தும் நிமிடத்திற்கு 7,200 சுழற்சி கொண்ட நான்கு வன்தட்டுகளை இரட்டைப் பிரதிகளாக இணைத்த ரெய்டு 10 தொகுப்பில் இருக்கின்றன. பயனர்கள் ஒருசேர வேலையைத் தொடங்கும் நேரத்தில் சிபியூ பெரும்பாலும் சும்மா இருக்க, வட்டுக்கான காத்திருப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு எஸ்எஸ்டிகள் (சுழலும் தட்டின்றி ஃபிளாஷ் நினைவகத்தில் சேமிப்பவை) வாங்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது. தரவுத்தளத்தை முழுவதுமாக அவற்றுக்கு மாற்றுவதா, மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் அதன் பரிவர்த்தனைப் பதிவை மட்டும் மாற்றுவதா, அல்லது வன்தட்டுகளுக்கு முன்னால் கேஷாக (அடிக்கடி வேண்டிய தரவுக்கான வேகமான இடைச்சேமிப்பாக) வைப்பதா? விளம்பர வேகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், மேசைக் கணினிக்கான எஸ்எஸ்டியே போதுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

உங்கள் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பும் தலைப்பகுதி நகரும் நேரமும் சேர்ந்தால், சிதறிய வாசிப்பில் ஒரு தட்டு விநாடிக்கு நூறு கோரிக்கைகளை நிறைவேற்றுவதே அரிது. ஒவ்வோர் இயந்திரமும் தன்னளவில் வரிசையாகவே படித்தாலும், பத்தும் ஒரே தொகுப்பை நாடும்போது அந்த வரிசைகள் ஒன்றோடொன்று கலந்து, வட்டைப் பொறுத்தவரை எல்லாமே சிதறிய கோரிக்கைகளாகிவிடுகின்றன. ஆகவே தரவுத்தளத்தை முழுவதுமாக மாற்றுவதே என் பரிந்துரை. பதிவை மட்டும் மாற்றினால் கமிட் (பரிவர்த்தனையை உறுதிசெய்யும் படி) விரைவாகும். ஆனால் நினைவகத்தில் அடங்காத இண்டெக்ஸ் (தேடலுக்கான சுட்டி) பக்கங்களைத் தேடும் வினவல்கள் பழைய வேகத்திலேயே நிற்கும். கேஷாக வைப்பது, தரவு எஸ்எஸ்டியில் கொள்ளாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் மட்டுமே பயன் தரும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எந்த எஸ்எஸ்டி என்பதே இங்கே பெரிய கேள்வி. பெட்டியின் மேல் அச்சிடப்படும் எண்கள், பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் வரிசையில் நிறுத்தி அளந்தவை. தரவுத்தளமோ ஒவ்வொரு கமிட்டின்போதும் பதிவை எழுதி, அது நிலையாகப் பதிந்துவிட்டது என்ற உறுதி வரும் வரை அந்தப் பரிவர்த்தனையை நிறுத்தி வைக்கிறது. மின்தடையைத் தாங்கும் மின்தேக்கிகள் உள்ள சர்வர் வகை எஸ்எஸ்டி, தரவு தன் உள் நினைவகத்தை அடைந்தவுடனேயே அந்த உறுதியைத் தந்துவிட முடியும். மின்சாரம் போனாலும் மிச்சத்தை எழுதி முடிக்க அதனிடம் ஆற்றல் உண்டு. அந்த வசதி இல்லாத மேசைக் கணினி வகை, ஃபிளாஷில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்ல வேண்டியிருப்பதால் இந்த ஒரு வேலையில் பல மடங்கு பின்தங்குகிறது. நீண்ட நேரம் இடைவிடாது எழுதினால், எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் அதன் வேகமான எஸ்எல்சி பகுதி நிரம்பி வேகம் இன்னும் சரியும்.

வாங்குவதற்கு முன் தரவுத்தள இயந்திரத்தின் உள்ளே பிஜி-டெஸ்ட்-எஃப்சிங்க் கருவியை ஓட்டி, விநாடிக்கு எத்தனை முறை அந்த உறுதி கிடைக்கிறது என்று பாருங்கள். அது போஸ்ட்கிரஸுடனேயே வருகிறது.

கேட்டவர்

விளக்கங்களுக்கு நன்றி. கருவியை ஓட்டியதில், வன்தட்டுகளின் மேலேயே விநாடிக்குப் பல ஆயிரம் என்று காட்டுகிறது. அப்படியானால் எழுதுவதில் சிக்கல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 2

கூடாது. உங்கள் தட்டு விநாடிக்கு 120 முறைதான் சுழல்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக வரும் உறுதிப்படுத்தல்களை ஆயிரக்கணக்கில் அது தர வழியே இல்லை. இடையில் ஏதோ ஒன்று, எழுதாததை எழுதியதாகச் சொல்கிறது. ரெய்டு கட்டுப்பாட்டு அட்டையில் மின்கலத்தால் காக்கப்படும் கேஷ் இருந்தால் அது முறையான காரணம், கவலை வேண்டாம். இல்லையென்றால் மெய்நிகர் வட்டின் கேஷ் அமைப்பு ‘அன்சேஃப்’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அந்த நிலையில் உள்ளிருந்து வரும் ஃபிளஷ் கட்டளைகள் (‘இப்போதே வட்டில் எழுதிவிடு’ என்பவை) புறக்கணிக்கப்படுகின்றன. ஒரு மின்தடை போதும், தரவுத்தளம் சிதைந்துவிடும். அதை ‘நன்’ (none) என்று மாற்றிவிட்டு மறுபடி அளந்தால் கிடைப்பதே உண்மையான எண்.

கேட்டவர்

‘அன்சேஃப்’ என்றுதான் இருந்தது. மாற்றியபின் எண் நூற்றுக்குக் கீழே வந்துவிட்டது. மின்தேக்கி உள்ள வகையையே வாங்குகிறேன். மாற்றிய பிறகு அமைப்புகளில் எதையேனும் திருத்த வேண்டுமா?

மறுமொழி 3

போஸ்ட்கிரஸில் சிதறிய வாசிப்புக்கு எவ்வளவு விலை என்று மதிப்பிடும் ரேண்டம் பேஜ் காஸ்ட் என்ற அளவு இயல்பாக 4 என்றிருக்கும். எஸ்எஸ்டியில் சிதறிய வாசிப்புக்கு அவ்வளவு கூடுதல் விலை இல்லாததால் பலரும் அதை 1.1 அளவுக்குக் குறைக்கிறார்கள். குறைக்காவிட்டால், இண்டெக்ஸ் இருந்தும், வினவலை எப்படி நிறைவேற்றுவது என்று முடிவுசெய்யும் திட்டமிடுநிரல் முழு அட்டவணையையும் படிக்கத் தலைப்படலாம். அழித்த இடத்தை அறிவிக்கும் டிஸ்கார்டு கட்டளை மெய்நிகர் வட்டிலிருந்து ஹோஸ்ட் (அடிப்படைச் சர்வர்) வரை செல்ல அனுமதித்து, உள்ளே அதை அனுப்பும் எஃப்எஸ்ட்ரிம் கருவி வாரம் ஒருமுறை ஓடும்படி செய்யுங்கள். அழித்த இடம் எதுவென்று எஸ்எஸ்டிக்குத் தெரியாவிட்டால், செத்த தரவையும் அது இடம் மாற்றி மாற்றி எழுதித் தேய்ந்துபோகும். அதே காரணத்தால் கொள்ளளவை விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள்.

இரண்டு எஸ்எஸ்டிகளையும் ஒன்றுக்கொன்று பிரதியாக, ரெய்டு 1 ஆக இணைப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டிலும் ஒரே அளவு எழுதப்படுவதால் தேய்மானமும் ஒத்தே செல்லும். ஒன்றின் ஆயுள் முடியும் காலத்தில் மற்றதும் அதே நிலையில் இருக்கக்கூடும். எனவே வட்டு தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் தேய்மான அளவைக் கண்காணித்து, ஒன்றை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். விடுபடும் வன்தட்டு இடத்தைக் காப்புப்பிரதிகளுக்கு ஒதுக்கலாம். வரிசையாக எழுதும் அந்த வேலைக்கு அவை இன்னும் நன்றாகவே உழைக்கும்.