புதுப்பிப்பு: சிறிய ஸ்பீக்கர், சப்வூஃபர் – பேஸ் சரியாகிவிட்டது

5 அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலி தரும் கூம்பு) உள்ள சிறிய ஸ்பீக்கர்களோடு 10 அங்குல சப்வூஃபர் (மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) சேர்த்தும், சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்தும், மூலைக்குப் போனால் குமுறியும் கேட்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது சரியாகிவிட்டது.

முதலில் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். சப்வூஃபரின் பின்பக்கக் குமிழும் 80-இல்தான் இருந்தது. ஒரே ஒலியை இரண்டு முறை வடிகட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். குமிழை அதிகபட்ச ஹெர்ட்ஸ் வரை திருப்பிவிட்டேன். கொஞ்சம் முன்னேற்றம், அவ்வளவுதான்.

உண்மையில் கைகொடுத்தது, சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்கச் சொன்ன யோசனை. ஒரே பேஸ் கிட்டார் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, காதைத் தரைக்கு அருகே வைத்து நகர்ந்தேன். மூலையில் ஒரு சுரம் மட்டும் வீங்கியது. பக்கச் சுவரில், மூலையிலிருந்து ஐந்தடி தள்ளி, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஒரே அளவில் கேட்டது. சப்வூஃபர் இப்போது அங்கேதான். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். அறையின் அளவோடு மோதும் நீளம் அது. இடம் மாறினால் பேஸ் மாறத்தான் செய்யும்.

அப்புறம் சப்வூஃபரின் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 180 டிகிரிக்கு மாற்றியதும் ஆண் குரலின் அடிப்பகுதி நிறைந்தது. இடம் மாற்றினால் இதையும் மறுபடி சோதியுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: 40 ஹெர்ட்ஸ் அருகே கடகடவென்று ஒரு சத்தம். சப்வூஃபர் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். அதிர்ந்தது அலமாரியின் கண்ணாடிக் கதவு. ஓரத்தில் சிறு ரப்பர் துண்டு ஒட்டியதும் நின்றுவிட்டது.