தடைக்கால நடன வகுப்பு: அடவில் தொடங்குவதா, அசைவில் தொடங்குவதா?

கச்சான்காற்று
கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மே மாதம் பள்ளிக்கூடமும் லீவு. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஒரு புயல் பாதுகாப்பு மையத்தைக் கேட்டு வாங்கி, மே முழுக்கக் காலை 7 முதல் 8.30 வரை நடன வகுப்பு நடத்தலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. 16 பிள்ளைகள். வீல்சேரில் வருகிறவர், காது கேளாதவர், பார்வை இல்லாதவர், டவுன் சின்ட்ரோம் உள்ளவர், எந்தச் சிக்கலும் இல்லாதவர் எல்லாருக்கும் ஒரே வகுப்பு.

பரதத்தின் அடவில், அதாவது அதன் அடிப்படைக் கால், கை அசைவுகளில், தொடங்காமல் நவீன நடனத்தில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பரத வகுப்பில் முதல் நாளே அரைமண்டி, முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை. முட்டி மடங்காத பிள்ளைக்கு அன்றைக்கே கதவு சாத்தியாகிவிடுகிறது. அமெரிக்காவில் அலிட்டோ அலெஸ்ஸி வளர்த்த டான்ஸ்எபிலிட்டி முறையில், அங்கே கூடியிருக்கிற எல்லாராலும் செய்ய முடிந்தது எது என்று பார்த்துவிட்டு அதிலிருந்து ஆரம்பிப்பார்கள். மூச்சாக இருக்கலாம், பார்வையாக இருக்கலாம், சும்மா அசையாமல் நிற்பதாகக்கூட இருக்கலாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தட்டுக்கழி
மறுப்பு இருக்கிறது தம்பி. முதல் நாளே அரைமண்டியில் நிறுத்துவது வாத்தியார் செய்கிற தப்பு. அதைப் பரதத்தின் தலையில் கட்டாதீர்கள். தாளம் போடுவதும் கை முத்திரையும் பரதம்தான். அபிநய தர்ப்பணத்தில் ஒற்றைக்கை முத்திரை மட்டும் 28. அதற்கு முட்டி எதற்கு?

கணக்கையும் பாருங்கள். வாரத்துக்கு ஆறு நாள், நாலு வாரம், ஒன்றரை மணி நேரம். மொத்தம் 36 மணி நேரம். இதில் "மூச்சைக் கவனி, பார்வையைக் கவனி" என்று பாதியைக் கழித்தால் பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன செய்து காட்டும்? அடவு கற்ற பிள்ளைக்கு "இது சரி, இது தப்பு" என்று தானே சரிபார்க்க ஓர் அளவுகோல் இருக்கும். எப்படி ஆடினாலும் சரி என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அதன் அர்த்தம், இந்தப் பிள்ளையிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான்.

பரதம் எல்லாரையும் ஒதுக்கியது என்றும் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். திருநங்கையான நர்த்தகி நடராஜை மாணவியாக ஏற்றுக்கொண்டவர் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளை. 2019-இல் அந்த அம்மாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நவீன நடனம் என்று நீங்கள் கொண்டாடுகிற சந்திரலேகாவும் 1985-இல் அங்கிகா என்ற நடனத்தைச் செய்தபோது அடவையும் களரியையும் யோகத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் செய்தார்.

கச்சான்காற்று
ஐயா, கிட்டப்பா பிள்ளை ஒரு குருவாகக் கதவைத் திறந்தார். அது அவருடைய பெருந்தன்மை, ஏற்பாடு ஆகிவிடாது. இன்னொரு குரு சாத்தினால் கேட்க ஆளில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளியிலேயே தவிலுக்கும் நாதசுரத்துக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், பரதத்துக்கு ஏழாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று விதி. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளை உடம்பால் ஆடிக்காட்டினாலும் சான்றிதழ் இல்லாமல் வெளியேதான் நிற்கும்.

முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். வீல்சேரில் நகர இரண்டு கையும் சக்கர வளையத்தில் இருக்க வேண்டும். அப்போது முத்திரையை எந்தக் கையால் பிடிப்பது? காலடிக்குப் பதில் கையடி, நடைக்குப் பதில் சக்கரம் என்று அடவை அப்படியே மாற்றிப் போட்டால் இங்கேதான் முட்டிக்கொள்ளும். நாட்டடவில் கால் நீளுகிற பக்கமே கையும் நீளும். வீல்சேரில் அந்தப் பக்கம் திரும்பவே ஒரு கை வேண்டும். அந்த உடம்பும் அந்த நாற்காலியும் என்ன செய்யும் என்று பார்த்துத்தான் புதிதாக அசைவு கட்ட வேண்டும். இங்கிலாந்தில் 1991-இல் கேண்டோகோ குழுவைத் தொடங்கிய செலஸ்ட் டான்டெக்கர், முதுகுத்தண்டில் அடிபட்ட நடனக்காரர். ஆடம் பெஞ்சமினோடு சேர்ந்து தொடங்கினார். ஊனமுள்ளவர், இல்லாதவர் இரு தரப்பும் ஒரே மேடையில் ஆடும் குழு அது.

மண்டபம்பிசியோ
அடவா அசைவா என்பதில் நான் நுழையவில்லை. இரண்டிலும் ஆபத்து உண்டு, அதை மட்டும் சொல்கிறேன்.

டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணம், தலையை வெட்டித் திருப்புவது, ஆளைத் தூக்குவது எதுவும் கூடாது. நவீன நடனக்காரர்கள் தரையில் உருள்வதை எடுத்த எடுப்பில் ஆரம்பித்துவிடுகிறார்கள், அதனால்தான் இதை முதலில் சொன்னேன். அந்தப் பிள்ளைகளுக்கு மூட்டும் நெகிழ்வாக இருக்கும். கால் நன்றாக விரிகிறதே என்று இன்னும் விரிக்க வைக்காதீர்கள். அவர்களுக்கு வேண்டியது பலம்.

மூளை முடக்குவாதத்தில் தசை இறுக்கம் உள்ளவர் கையை வெடுக்கென்று இழுத்தால் அது இன்னும் இறுகும். மெல்ல நீட்டினால் விட்டுக்கொடுக்கும். இதை வைத்து மெதுவான நடனம்தான் எல்லாருக்கும் சுலபம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே நிலையில் பிடித்து நிற்பதுதான் பலருக்கு மிகக் கஷ்டம்.

முதுகுத்தண்டு மேல் பகுதியில் அடிபட்டவருக்கு அதற்குக் கீழே சரியாக வியர்க்காது. உடம்புச் சூடு ஏறுவது வெளியே தெரியாது. மே மாதத்து கான்கிரீட் கட்டடத்தில் 8.30-க்கு முடிப்பது நல்லது, 9 என்று இழுக்காதீர்கள். வீல்சேரில் இருப்பவர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கையிலிருந்து உடம்பை எழுப்பியோ சாய்த்தோ கொடுக்க வேண்டும், இல்லையென்றால் புண் வரும். அதையே நடனத்தில் ஓர் அசைவாகச் சேர்த்துவிட்டால் தனியாக ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

தேக்குச்சீவல்
எல்லாரும் காலைப் பத்திப் பேசுறீங்க, கீழே தரையைப் பார்க்கலையே. புயல் மையத்துல சிமெண்ட் தரை. அதுல தட்டடவு, அதான் பாதத்தைத் தட்டி மிதிக்கிற முதல் அடவு, மிதிச்சா நல்ல காலுக்கே முழங்காலுக்குக் கீழ எலும்பு வலி எடுக்கும். கடற்கரை மணல்ல வச்சுக்கலாம்னு யாரும் வராதீங்க, வீல்சேர் முன்சக்கரம் புதைஞ்சுரும்.

24 அடிக்கு 16 அடி தளம்னா ஒரு அடுக்குக்கு 8×4 ஷீட் 12. ரெண்டு அடுக்குக்கு 24. 12 மி.மீ. மெரைன் பிளை எடுங்க, ஐ.எஸ். 710 தர முத்திரை பார்த்து. சாதாப் பிளை இந்த உப்புக்காத்துல ஓரம் ஊதிப்போகும். அடியில 25 மி.மீ. கெட்டி ஈ.வி.ஏ. நுரை மேட்டை 3 இஞ்ச் சதுரமா வெட்டி, அடிக்கு ஒண்ணு ஒட்டணும். சிக்கனம்னு ரெண்டு அடிக்கு ஒண்ணு ஒட்டினா ஆடுற ஆளுக்குத் தெரியாது. வீல்சேர் பாரம் நாலே புள்ளியில இறங்குறதால பலகை குழிஞ்சு, வண்டி தானா அந்தக் குழிக்கு ஓடும். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஸ்.எஸ்.தான், நீளம் 20 மி.மீ. தாண்டக் கூடாது, தாண்டினா முனை வெளிய வந்துரும். செவுத்தோரம் அரை இஞ்ச் இடைவெளி விடுங்க.

மேல் அடுக்கு மூட்டும் கீழ் அடுக்கு மூட்டும் ஒரே இடத்துல வரக் கூடாது. ஆனா அது புயல் மையம். எச்சரிக்கை வந்தா ஜனம் வந்து தங்கணும், சீக்கிரம் பிரிக்க முடியணும். அதுக்கு வழி, கீழ் ஷீட்டுக்கு மேல அடுத்த ஷீட்டை ரெண்டு பக்கமும் 6 இஞ்ச் தள்ளி வச்சு முடுக்கி, ஜோடி ஜோடியா செஞ்சுக்கிறது. அந்த 6 இஞ்ச் உதடு பக்கத்து ஜோடி மேல படியும். பிரிக்கும்போது உதட்டு ஸ்க்ரூ மட்டும் கழட்டினாப் போதும். ஓரத்துக்குத் துண்டு வெட்டணும், கொஞ்சம் பலகை வீணாகும். ஜோடிக்கு நம்பர் போட்டு வைங்க.

மொத்த உயரம் 49 மி.மீ., ரெண்டு இஞ்ச்னு வைங்க. ஒண்ணுக்குப் பன்னிரண்டு சரிவுன்னா 2 அடி நீளச் சாய்தளம், அகலம் 3 அடிக்குக் குறையாம.

விரல்மொழி
ஆசாரி அண்ணே சொன்ன பலகைத் தரை காது கேளாத பிள்ளைகளுக்கும் உதவும். சிமெண்டில் தட்டினால் அதிர்வு காலுக்கு வராது, பலகையில் வரும். ஆனால் அதிர்வை மட்டும் நம்பினால் தோற்பீர்கள். பதினாறு பேர் ஒன்றாக மிதிக்கும்போது எது வாத்தியாருடைய தட்டு என்று பிரித்து உணர முடியாது. அதிர்வு தொடங்குவதற்கு, கண் தொடர்வதற்கு.

கண்ணுக்கு ஏற்ற முறை நம்மிடமே இருக்கிறது. ஆதி தாளத்தைக் கையில் போடுவதே பார்க்கக்கூடிய மொழிதான். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டும் தனித்தனியாகத் தெரியும். இந்த இடத்தில் நான் தட்டுக்கழி ஐயா பக்கம். செய்யக் கூடாத ஒன்று, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொல்கட்டு, அதாவது அடவுக்கான தாளச் சொல், சொல்வது. உதடும் தெரியாது, கையும் தெரியாது.

பார்வை இல்லாத பிள்ளைகளுக்குத் தளத்தின் நடுக்கோட்டிலும் ஓரத்திலிருந்து 2 அடி உள்ளேயும் 3 மி.மீ. நைலான் கயிற்றை வைத்து மேலே டேப் ஒட்டினால் பாதத்துக்குத் தெரியும். வலைக் கடையில் கிடைக்கும். அதைவிடத் தடித்தால் வீல்சேரின் சின்னச் சக்கரம் தட்டும். அசைவு சொல்லித்தரும்போது பிள்ளையின் கையைப் பிடித்து வளைக்காதீர்கள். உங்கள் தோளையும் முழங்கையையும் அவர்கள் தொட்டுப் பார்க்கட்டும், அதுவும் கேட்டுவிட்டு.

கீழக்கரைஅக்கா
வகுப்பு யாரை ஒதுக்குகிறது என்பதில் ஊனம் பாதிதான் தம்பிகளா. நடராஜர் சிலை, சுலோகம், சலங்கை பூஜை என்று தொடங்கினால் எங்கள் ஊர் முஸ்லிம் பிள்ளைகள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். தங்கச்சிமடத்து வேதக்கார (கிறிஸ்தவ) பிள்ளைகளிலும் சில வீடுகள் யோசிக்கும். பெண் பிள்ளைகளுக்கு முழுக்கை உடுப்பும் தலைத்துணியும் இருக்கலாம் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். போட்டோ, வீடியோ கிடையாது என்றும் எழுதுங்கள். அம்மாமார்களுக்குத் தடைக்காலம் ஓய்வு என்று நினைத்து நேரம் குறிக்காதீர்கள், வேலைக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். கூட்டிக்கொண்டுவர ஆட்டோ யார் கணக்கு?

தட்டுக்கழி
அக்கா, சுலோகத்தை விடலாம். தட்டிக் கும்பிடுவதை விட மாட்டேன். மிதிக்கப் போகிற மண்ணிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அது. மதத்துக்குள் அடைக்க வேண்டாம்.

கீழக்கரைஅக்கா
மண்ணைத் தொடுவது சரி. கும்பிடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

தட்டுக்கழி
ஆகட்டும், தொடுவது எல்லாருக்கும், கும்பிடுவது விருப்பம். ஆனால் ஒரே வகுப்பு என்பதில் இன்னும் உடன்பாடில்லை. பதினாறு பிள்ளைக்கு இரண்டு வாத்தியார் என்றால் ஒருவர் முழுக்க வீல்சேர்ப் பக்கமே நிற்பார், நடக்கிற பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கும். முதல் இரண்டு வாரம் பிரித்து எடுங்கள், பிறகு சேருங்கள்.

கச்சான்காற்று
பிரித்துவிட்டுச் சேர்த்தால் வீல்சேர்ப் பிள்ளைகள் விருந்தாளி மாதிரித்தான் உள்ளே வருவார்கள். வாத்தியார் இரண்டு, உதவியாளர் நாலு, அதில் ஒருவராவது சைகை மொழி தெரிந்தவர். அதற்குக் குறைந்தால் 16-ஐ 10 ஆக்குவேன், பிரிக்க மாட்டேன்.

அடவுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். வீல்சேரில் ஒரு எண்ணிக்கை தள்ளிவிட்டு, அடுத்த எண்ணிக்கைகளில் வண்டி தானாக ஓடும்போது கையை எடுத்து முத்திரை பிடிக்கலாம். பலகைத் தரையில் இது நடக்கும். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் ஆஸ்பத்திரி மாதிரி வண்டி கனம். முன்சக்கரக் கவையில் மணலும் உப்பும் ஏறியிருந்தால் நாலாவது எண்ணிக்கைக்கு முன்பே நின்றுவிடும். அதனால் நாலு நாலாகப் போகாமல் தகிட, தகிட, தக. மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டு. ஒன்று, நாலு, ஏழில் தள்ளு. நடக்கிற பிள்ளைகளும் அதே இடங்களில் மிதிக்கட்டும். இடுப்பில் அகலமான துணி பெல்ட் கட்டி, கழற்ற முடிகிற கைப்பிடி என்றால் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் முழங்கை இடிக்கும்.

விரல்மொழி
ஒன்றிலும் ஏழிலும் தட்டு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும். நாலு நடுவிரல். பத்தடி தள்ளி இருக்கும் காது கேளாத பிள்ளைக்கு அது தெரியாது. நாலுக்குத் தாளம் போடுகிறவர் தலையையும் சேர்த்துத் தாழ்த்த வேண்டும், அல்லது வீல்சேரின் தோள் அசைவைப் பார்த்து மிதிக்கப் பழக்க வேண்டும். இரண்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது. வீல்சேர்ப் பிள்ளைதான் அப்போது தாளத்தை நடத்தும்.

தட்டுக்கழி
ஏழில் தள்ளிய கை அடுத்த ஒன்றுக்குள் திரும்ப வேண்டும், நடுவில் ஒரே எண்ணிக்கைதான். அந்த இடத்தில் முத்திரை வைக்காதீர்கள், ஒரு சக்கரத்தை மட்டும் தள்ளித் திரும்ப வையுங்கள். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், சரிவரும். இரண்டாம் காலத்துக்கு, அதன் இரட்டை வேகத்துக்கு, வண்டி தாங்காது. நடக்கிற பிள்ளை இரண்டாம் காலத்தில் ஆடட்டும், வீல்சேர் முதல் காலத்திலேயே இருக்கட்டும். இரண்டுக்கும் ஒன்று ஒரே இடத்தில்தான் விழும். ஆனால் அதற்குத் தட்டடவு தெரிந்த பிள்ளை வேண்டும் தம்பி. மூச்சைக் கவனிக்கிற பிள்ளை இரண்டாம் காலம் பிடிக்காது.

கச்சான்காற்று
முதல் வாரத்தில் தினம் 20 நிமிடம் தட்டடவுக்குத் தருகிறேன் ஐயா. உட்கார்ந்து, "தெய்யா தெய்" சொல்லி, தொடையில் தட்டி. அரைமண்டி கிடையாது.

தட்டுக்கழி
30.