‘பன்ட்டர்’ என்ற பிரித்தானியப் பேச்சுவழக்குச் சொல்: பொருளும் மாற்றுச் சொற்களும்

கேள்வி (சொல்வேட்டை):
இங்கிலாந்து நாளிதழ்க் கட்டுரைகள் சிலவற்றைத் தமிழாக்கம் செய்து வருகிறேன். ஒன்றில், மதுக்கூட உரிமையாளர் ஒருவர் விலையேற்றத்திற்குப் பிறகு பன்ட்டர்கள் வருவதில்லை என்று வருந்துகிறார். இன்னொன்று ஒரு நாடக அரங்கின் பன்ட்டர்களைப் பற்றியது. மூன்றாவதில், எப்சம் டெர்பி குதிரைப் பந்தயத்தில் பன்ட்டர்கள் பணத்தை இழந்ததாகச் செய்தி. என்னிடமுள்ள அகராதி ‘சூதாடுபவர்’ என்று மட்டுமே பொருள் தருகிறது. நாடகம் பார்க்க வந்தவர்களைச் சூதாடிகள் என்று எழுத மனம் ஒப்பவில்லை. இச்சொல்லின் சரியான பொருள் என்ன? இதற்கு இணையாக ஆங்கிலேயர் வேறு எச்சொற்களை வழங்குகின்றனர்?

பதில் 1 (பழைய ஏடு):
உங்கள் அகராதி தருவது தவறான பொருள் அன்று, முதற்பொருள் அதுவே. ஃபாரோ, பாசெட் போன்ற பழைய சீட்டாட்டங்களில் ஒருவர் வங்கியாளராக அமர்ந்திருக்க, அவருக்கு எதிராகப் பணம் வைத்து ஆடுவதைக் குறித்த பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து ‘பன்ட்’ ஆங்கிலத்திற்கு வந்தது. பின்னர் அது குதிரைப் பந்தயத் திடலுக்குச் சென்று, பந்தயம் ஏற்கும் ‘புக்கி’க்கு எதிர்ப்பக்கத்தில் நின்று பணம் கட்டுபவரைக் குறித்தது. புக்கியின் பார்வையில் பணம் கட்டுபவர் வாடிக்கையாளரே அல்லவா? அந்தப் பார்வைதான் இருபதாம் நூற்றாண்டில் மதுக்கூடத்திற்கும் சந்தைக் கடைக்கும் பரவி, காசு கொடுத்து எதையேனும் வாங்குகிற எவரையும் குறிப்பதாக விரிந்தது. 1960ஆம் ஆண்டின் பந்தயச் சட்டத்தால் 1961 மே மாதம் முதல் பிரித்தானியாவின் கடைத்தெருக்களில் உரிமம் பெற்ற பந்தயக் கடைகள் திறக்கப்பட்டன. சொல் இவ்வளவு பரவலானதில் அவற்றுக்கும் பங்கிருக்கும் என்பது என் ஊகம்.

பதில் 2 (கிளாஸ்கோவாசி):
மேலே சொன்னவற்றோடு ஸ்காட்லாந்து வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே கிளாஸ்கோவில் பன்ட்டர் என்றால் பல நேரங்களில் வெறுமனே ‘ஆள்’ என்றுதான் பொருள்; அவர் எதையும் வாங்கியிருக்க வேண்டியதில்லை. அரசியல்வாதிகளுக்குப் புரியாதது சாதாரணப் பன்ட்டருக்குப் புரியும் என்று ஒருவர் சொன்னால், அவர் பாமர மக்களைத்தான் குறிக்கிறார்.

மாற்றுச் சொற்களைப் பொறுத்தவரை, பொதுவாகக் கடைக்கு வருபவர் ‘கஸ்டமர்’. வழக்கறிஞரிடமும் கணக்காளரிடமும் செல்பவர் ‘கிளையன்ட்’. உணவகமோ அரங்கமோ தன்னை நாடி வருபவரைச் சற்று உயர்த்திச் சொல்ல விரும்பினால் ‘பேட்ரன்’. ஒரே மதுக்கூடத்திற்கு நாள்தோறும் வருபவர் ‘ரெகுலர்’. இவற்றுள் எதையும் வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே சொல்லலாம், கடிதத்திலும் எழுதலாம். பன்ட்டர் அப்படிப்பட்டதன்று. அது கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொல். அதில் கொஞ்சம் நட்பும் கொஞ்சம் இளக்காரமும் உண்டு. அறிவிப்புப் பலகையில் ‘அன்பார்ந்த பன்ட்டர்களே’ என்று எழுதினால் அது வேடிக்கைக்காகத்தான் இருக்கும். பாலியல் தொழிலாளரிடம் செல்பவரையும் இச்சொல் குறிப்பதால், சூழலைப் பாராமல் கையாள்வது சங்கடத்தில் முடியும்.

பதில் 3 (வடசென்னை):
அப்படியானால் தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் சென்னைப் பேச்சில் வழங்கும் ‘கிராக்கி’ என்றே நினைக்கிறேன். கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் தங்களுக்குள் சொல்வது, வாடிக்கையாளரிடம் நேரில் சொல்லாதது, இளக்காரம் கலந்தது, கிளாஸ்கோவாசி கடைசியாகச் சொன்ன பொருளும் உடையது என எல்லாமே பொருந்துகின்றன. மதுக்கூட உரிமையாளரின் பேச்சில் அதையே வைத்துவிடலாம்.

பதில் 4 (பழைய ஏடு):
பொருத்தம் வியக்கத்தக்கதுதான், ஆயினும் நான் அதைத் தவிர்ப்பேன். கிராக்கி என்றதும் வாசகர் மனத்தில் சென்னைத் தெரு வந்துவிடும். மேலும் ‘சரக்குக்குக் கிராக்கி’ என்று தேவை மிகுதியைக் குறிக்கும் பொருளே பலருக்கு முதலில் தோன்றும். மதுக்கூடத்திற்கு ‘குடிக்க வருபவர்கள்’ அல்லது ‘வாடிக்கைக்காரர்கள்’, அரங்கத்திற்கு ‘பார்வையாளர்கள்’, டெர்பிக்குப் ‘பந்தயம் கட்டியவர்கள்’ என்று இடத்துக்கேற்ப எழுதுவதே நல்லது. மூன்றுக்கும் ஒரே சொல்லைத் தேடுவது வீண் உழைப்பு. உரிமையாளரின் இளக்காரத்தை வாக்கியத்தின் தொனியில் காட்டிவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. கேம்பிரிட்ஜில் கேம் ஆற்றில் தட்டையான படகைக் கழியால் ஊன்றித் தள்ளிச் செல்பவரும் பன்ட்டரே. அச்சொல்லின் வேர் வேறு. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையைத் தொடுமுன் உதைப்பவருக்கும் அப்பெயர் உண்டு. ஆனால் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ரிக்கி பான்டிங்கிற்குப் ‘பன்ட்டர்’ என்ற பட்டப்பெயர் வந்தது நாய்ப் பந்தயத்தில் பணம் கட்டும் அவருடைய விருப்பத்தால். அது நம் சொல்லேதான்.

கேள்வி கேட்டவர் (சொல்வேட்டை):
மிக்க நன்றி. இடத்துக்கேற்ற சொற்களையே வைத்துக்கொள்கிறேன். டெர்பிச் செய்தியில் ‘மக் பன்ட்டர்’ என்றும் ஓரிடத்தில் வருகிறது. அதை எப்படி எழுதுவது?

பதில் 5 (கிளாஸ்கோவாசி):
குதிரையின் முந்தைய ஓட்டங்களையோ தரையின் ஈரத்தையோ பாராமல், பெயர் பிடித்திருக்கிறது என்பதற்காகப் பணம் கட்டித் தோற்பவரை அப்படி அழைப்பார்கள். ‘விவரமறியாமல் பந்தயம் கட்டும் ஏமாளி’ என்று எழுதினால் போதும்.