கத்தரிப் பூவுக்கு வரும் கரிய வண்டு: பம்பிள் தேனீயா, தச்சுத் தேனீயா?

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பந்தலுக்காக நட்ட மூங்கில் கழிகளைச் சுற்றி, இரண்டு வாரங்களாகக் கட்டைவிரல் நுனியளவு பருமனுள்ள கரிய வண்டு ஒன்று பெரும் ரீங்காரத்துடன் வந்துபோகிறது. அது கத்தரிப் பூவைப் பற்றித் தொங்கியதும் அதன் ரீங்காரம் சட்டென்று சுருதி ஏறுகிறது. அதே பருமனில், உடலெங்கும் பொன்மஞ்சள் மயிர் போர்த்த மற்றொன்று, பூக்களை அதிகம் நாடாமல் அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்றபடி, அருகே எது பறந்தாலும் துரத்துகிறது. கைபேசிச் செயலி இரண்டையுமே பம்பிள் தேனீ என்று காட்டியது. அது சரிதானா? பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால், கொட்டுமா என்றும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1:
நீங்கள் சொல்லும் அடையாளங்கள், மரத்தைக் குடைந்து கூடமைக்கும் தச்சுத் தேனீயையே காட்டுகின்றன. உறுதி செய்ய, அது பூவில் இருக்கும்போது வயிற்றின் மேற்புறத்தைப் பாருங்கள். பம்பிள் தேனீயின் வயிறு அடர்ந்த மயிரால் மூடியிருக்கும். தச்சுத் தேனீயின் பெண்ணுக்கோ அது பெரும்பாலும் மயிரின்றி, எண்ணெய் பூசியது போலப் பளபளக்கும். பின்னங்காலும் உதவும். பெண் பம்பிள் தேனீக்கு அங்கே வழவழப்பான தட்டைப் பரப்பும் அதன் ஓரங்களில் நீண்ட மயிர்களும் சேர்ந்த மகரந்தக் கூடை உண்டு. தச்சுத் தேனீயின் காலில் தூரிகை போன்ற மயிர்த்திரள் மட்டுமே இருக்கும்.

வாழிடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பம்பிள் தேனீக்கள் பெரும்பாலும் குளிர்ந்த நிலப்பகுதிகளுக்கும் உயர்ந்த மலைகளுக்கும் உரியவை. இமயமலையில் பல இனங்கள் உள்ளன; தீபகற்ப இந்தியாவின் சமவெளிகளில் அவை இயல்பாக வாழ்வதில்லை. செயலி நிறத்தையும் வடிவத்தையும் ஒப்பிட்டு ஒரு பெயரை முன்வைக்கிறதே தவிர, வயிற்றின் பளபளப்பை உங்களைப் போல் அருகிருந்து பார்ப்பதில்லை.

பொன்மஞ்சள் நிறத்தது ஒருவேளை அதே இனத்தின் ஆணாக இருக்கலாம். தச்சுத் தேனீக்களில் சில இனங்களுக்குப் பெண் கரியதாகவும் ஆண் மஞ்சளாகவும் இருப்பதுண்டு. அந்தரத்தில் நின்று காவல் காப்பதும் துரத்துவதும் ஆணின் வேலை. அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டென்றாலும், கையில் பிடித்து நசுக்கினாலன்றி அது கொட்டுவது அரிது.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெயர் தேடுவதற்கு முன் இறக்கைகளை எண்ணுங்கள். தேனீக்கு இரண்டு இணை. ஈக்கு ஓர் இணை. ஹோவர்ஃபிளை எனப்படும் பூ ஈக்களில் சில, பம்பிள் தேனீயைப் போலவே மயிரும் பட்டையும் கொண்டு ஏமாற்றும். குட்டையான உணர்கொம்பும் முகத்தின் பெரும்பகுதியை அடைத்த கண்களும் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். இவற்றில் பல இனங்களின் புழுக்கள் அசுவினிகளைத் தின்பதால், இலையடியில் அந்தப் புழுக்களைக் கண்டால் மருந்து தெளித்துவிடாதீர்கள்.

ரோஜா இலையின் ஓரம் அரைவட்டமாக, கத்தரித்தது போல் வெட்டப்பட்டிருந்தால் அது புழுவின் வேலையன்று. இலைவெட்டித் தேனீ தன் கூட்டறைக்கு உறையிட எடுத்துச் சென்ற துண்டு அது. மகரந்தத்தை அது காலில் சுமக்காமல் வயிற்றின் அடிப்புறத்தில் சுமந்து வரும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை நெருங்கிப் பார்த்தேன். வயிறு கண்ணாடி போல் மின்னியது; வெயில் பட்டபோது இறக்கைகளில் நீலமும் ஊதாவும் ஓடின. கழியின் அடிப்பக்கத்தில் விரல் நுழையுமளவு வட்டமான துளையும், அதற்கு நேர்கீழே மண்ணில் மரத்தூளும் இருந்தன. துளையை அடைத்துவிடலாமா?

பதில் 1:
இப்போது அடைக்க வேண்டாம். உள்ளே மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டை ஒவ்வொன்றின் மீதும் ஒரு முட்டை வீதம் இட்டு, மரத்தூளால் அறை அறையாகத் தடுத்திருக்கும். தச்சுத் தேனீ மரத்தைத் தின்பதில்லை. குடைய மட்டுமே செய்கிறது. பந்தலின் பாரம் அந்தக் கழியில் இருந்தால் பக்கத்தில் வேறொரு கழியை முட்டுக் கொடுங்கள்.

சுருதி ஏறுவதைக் கவனித்துச் சொன்னீர்களே, அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தம் நுனியில் சிறு துவாரமுள்ள குழாய்களுக்குள் இருக்கிறது. பெண் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கைகளை விரிக்காமல் பறத்தல் தசைகளை மட்டும் அதிரச் செய்து அதை உதிர்க்கிறது. சாதாரணத் தேனீக்கு இது இயலாது. அடுத்த முறை அது பூவை விட்டு நீங்கியதும் அந்தக் குழாய்களைப் பாருங்கள். அது கடித்துப் பிடித்த தடங்கள் பழுப்பாகத் தெரியலாம்.