புதுப்பிப்பு: திருகோணமலையிலிருந்து களப்பயணம் – எப்போது போவது, எதை அளப்பது

உயர்தர மாணவர்களை மார்ச்சில் மன்னார் காற்றாலைக்குக் கூட்டிப்போகலாமா என்று முந்தைய இழையில் கேட்டிருந்தீர்கள். தள்ளிப்போடுங்கள். மார்ச், ஏப்ரலில் காற்று தணிந்திருக்கும், பல சுழலிகள் சும்மா நிற்கும். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரைதான் சரியான காலம். ஓகஸ்ட் விடுமுறை பொருந்தும். தம்பபவனி என்ற அந்த மன்னார்க் காற்றாலையில் 30 சுழலிகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5. இந்தப் பெருக்கலைப் பிள்ளைகளே செய்யட்டும். அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

சூரியத் தகட்டுக்குத் தூரம் போகவே வேண்டாம், பாடசாலை முற்றத்தில் ஒரு தனித் தகடு போதும். பெயர்ப்பலகையில் திறந்த சுற்று வோல்ற்றளவு (எதையும் இணைக்காதபோது வரும் வோல்ற்றளவு) உதாரணமாக 50 என்றிருக்கும். நண்பகலில் பல்மானி (மல்டிமீட்டர்) 44 காட்டும். உடனே பழுது என்பார்கள். பழுதில்லை: 50 என்பது 25 பாகை செல்சியசுக்கான அளவு. வெயிலில் தகடு 65 பாகைக்கு ஏறும். பாகைக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம் வீதம், 40 பாகை ஏற்றத்துக்கு வோல்ற்றளவு 12 சதவீதம் குறையும். தகட்டின் பின்புறத்தில் வெப்பமானியை ஒட்டி வெப்பநிலை, வோல்ற்றளவு இரண்டையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். முகில் மூடினால் வோல்ற்றளவு அதிகம் விழாது, மின்னோட்டம்தான் விழும். இதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

கூரையில் ஓடிக்கொண்டிருக்கும் தொகுதியின் இணைப்பியை மட்டும் யாரும் கழற்றக் கூடாது. அப்போது எழும் நேரோட்ட மின்பொறி (DC arc) தானாக அணையாது, கையைச் சுட்டுவிடும்.