பழைய செட்டில் புளூடூத் மாட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்க

காங்கேயம் பக்கமிருந்து:

எங்கள் தோட்டத்துச் சாளையில் அப்பாருவின், அதாவது தாத்தாவின், ஆம்ப்ளிபையர் ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் சொல்லி அசெம்பிள் செய்தது. கூடவே இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். டேப் டெக் போன பிறகு ஏழெட்டு வருஷமாகத் துண்டு போர்த்தியே கிடந்தது. அப்பாருவுக்கு உடுக்கடிப் பாட்டு என்றால் உயிர். அண்ணன்மார் கதை கேசட்டெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. போனில் போட்டுக் கொடுத்தால், "ஏங்கண்ணு, கொசு கத்தற மாதர இருக்குது, உடுக்கச் சத்தமே காணம்" என்பார். உண்மைதான். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் உடுக்கையின் கனம் எங்கே வரும்?

சரி என்று போன மாசம், போனில் ஓடுகிற பாட்டை வயர் இல்லாமல் வாங்கிச் செட்டுக்குக் கொடுக்கிற புளூடூத் ரிசீவர் ஒன்று வாங்கினேன். தீப்பெட்டி அளவுதான். கரண்டுக்கு ஒரு யுஎஸ்பி வயர், செட்டுக்குச் சிவப்பு வெள்ளை பின் வயர், அவ்வளவே வேலை. ஆனால் செட்டின் பின்பக்கம் எழுத்தெல்லாம் அழிந்திருந்ததால் போனோ (phono) என்கிற துளையில் செருகிவிட்டேன். குடத்துக்குள் தலையை விட்டுக் கத்துவதுபோல் குளறியது. ரெக்கார்டு பிளேயர் ஊசியிலிருந்து வருகிற மெல்லிய சிக்னலுக்கான இடம் அது. அதை நூறு மடங்கு போலப் பெருக்கி, பேஸைத் தூக்கி, ட்ரெபிளை இறக்கும். டேப், ரேடியோ மாதிரி சாதாரண சிக்னலுக்கான ஆக்ஸ் (aux) துளைக்கு மாற்றியதும் குரல் தெளிந்தது.

அப்புறம் பாட்டு நிற்கிற இடத்திலெல்லாம் "உம்ம்" என்று ஓர் இரைச்சல். செட்டு போயிடுச்சு, எடைக்குப் போட்டுடலாம் என்றார் அப்பா. எனக்கு மனசு வரவில்லை. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பின் வயரை உருவினால் இரைச்சல் இல்லை, செருகினால் வந்தது. கடைசியாக ரிசீவரைச் சார்ஜரிலிருந்து எடுத்துப் பவர் பேங்கில் மாட்டினேன். சட்டென்று நின்றது. முப்பது வருஷச் செட்டில் ஒரு குறையும் இல்லை. இழுப்பறையில் கிடந்த மலிவுச் சார்ஜர்தான் காரணம். உங்களுக்கும் இப்படி இரைந்தால், செட்டைக் குறை சொல்லும் முன் பவர் பேங்கில் போட்டுப் பாருங்க.

விடிந்ததும் அப்பாருவைக் கூப்பிட்டேன். செட்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "டேப்பு எங்க வச்சிருக்கற?" என்றார். முதல் உடுக்கை அடி விழுந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். வலது கை மட்டும் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

சோமனூரிலிருந்து:

தறிக்குடோனை ஒட்டித்தான் எங்கள் வீடுங்க. போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குடோனுக்கும் வீட்டுக்கும் நடந்தால் பாட்டு விட்டு விட்டு வரும். இந்த மாதிரிச் சின்ன ரிசீவருக்கு எட்டுகிற தூரம் பத்து மீட்டர் போலத்தான், அதுவும் நடுவில் சுவர் இல்லாவிட்டால். நான் ரிசீவரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தேன். அதை எடுத்துச் செட்டின் மேலேயே வைத்தேன், பாதித் தொல்லை தீர்ந்தது. வைஃபை ரௌட்டரும் புளூடூத் ஓடுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான், அதைத் தள்ளி வைத்ததில் மீதியும் போனது.

இன்னொன்று. தங்கச்சி கல்யாணத்தில் வீட்டுச் செட்டில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. இணைச்சீர் நடக்கும்போது என் போனுக்கு ஒரு மெசேஜ். ஊரே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஸ்பீக்கரில் டிங்கென்று அடித்தது. பெரியம்மா முகம் வாடிப்போனது எனக்கு இன்னமும் வருத்தம்தான். விசேஷம் என்றால் சிம் இல்லாத போனில் போடுங்க.

கோபியிலிருந்து:

நான் டிவிக்கும் சேர்த்து வாங்கினேன். வாய் அசைந்த பிறகு பேச்சு வந்தது. புளூடூத் வழக்கமாகப் பாட்டைச் சுருக்கி அனுப்புகிற எஸ்பிசி (SBC) முறையில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் தாமதம் ஆகும். பாட்டுக்கு அது தெரியாது, படத்துக்கு உறுத்தும். டிவிக்கு வயரே போட்டுவிட்டேன்.

எல்டாக் (LDAC) என்கிற இன்னொரு சுருக்கும் முறை போட்டிருக்கிற ரிசீவர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், எஸ்பிசியில் வழக்கமாக 328 வரைதான். ஆனால் போனிலும் அது இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 8 முதல் வந்த பல போன்களில் இருக்கிறது, ஐபோனில் இல்லை. பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டுக்கு எஸ்பிசியே தாராளம் என்பது என் எண்ணம்.

காங்கேயம் பக்கமிருந்து:

சோமனூர் அண்ணா, நீங்க சொன்னபடி சிம் இல்லாத பழைய போன் ஒன்றைச் செட்டுக்கென்றே வைத்துவிட்டேன். அதன் சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றி விட்டாச்சு, கூட்டுவதும் குறைப்பதும் செட்டின் குமிழில்தான். ரிசீவரில் பாட்டை நிறுத்துகிற பட்டன் மேல் தங்கச்சி சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்தாள். அப்பாரு இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. அவரே அமுக்கிக் கேட்கிறார்.

வலது ஸ்பீக்கரின் பேப்பர் கோன் ஓரத்தில் கிழிந்திருக்கிறது. காங்கேயம், தாராபுரம், ஈரோடு பக்கம் கோன் மாற்றித் தருகிறவர்கள் யாராவது இன்னும் இருக்கிறார்களாங்க?