ஓரம் வெட்டுப்பட்டால் அது அகிவா ஐகரின் கையெழுத்தா?

மைக்கூடு:
பழைய யூதச் சட்டநூல்கள் பற்றிய இழையில் ஏடுதேடி எழுதியது இது: "ஷுல்ஹான் அரூஹ் என்ற யூதச் சட்டத் தொகுப்பின் பிரதி ஓரத்தில் உள்ள கைக்குறிப்புகளில் வரிக் கடைசி எழுத்துகள் பைண்டிங்கில் வெட்டுப்பட்டிருக்கின்றன. ஆகவே குறிப்பு பழையது. வாசகமும் யூத மதகுரு ரப்பி அகிவா ஐகரின் அச்சான குறிப்போடு ஒத்துப்போகிறது. அவர் கையேதான், சந்தேகமில்லை." இதைப் படித்துவிட்டு நான்கு பேர் வாழ்த்தும் சொல்லிவிட்டார்கள். எரிச்சலாக இருக்கிறது.

கடைசியாக அந்த நூலைக் கட்டியவர் ஓரம் சீவியபோது மை அங்கே இருந்தது. வெட்டு சொல்வது அவ்வளவுதான். அந்தக் கட்டு 1820இலும் நடந்திருக்கலாம், 1950இலும் நடந்திருக்கலாம். ஐகர் இறந்தது 1837 அக்டோபர் 12. யார் எழுதினார் என்று பைண்டரின் கத்திக்கு எப்படித் தெரியும்?

ஏடுதேடி:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? லாமெத் என்ற எபிரேய எழுத்தின் வால் பாதியில் அறுந்திருக்கிறது. கையால் தைத்த கட்டு, தோல் அட்டை. வெட்டு பழைய வெட்டு. ஐகர் 1815 முதல் போசன் நகரின் ரப்பி. தம் தல்மூத் (யூதச் சட்ட விவாதத் தொகுப்பு) ஏடுகளின் ஓரத்தில் எழுதியவைதான் 1830களில் பிராகில் 'கில்யோன் ஹஷாஸ்' என்று அச்சேறின. ஓரத்தில் எழுதுவது அவர் வழக்கம் என்பது உலகறிந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்?

மைக்கூடு:
ஓரத்தில் எழுதுவது அவர் வழக்கம் மட்டுமல்ல, படித்த எல்லோருக்கும் இருந்த வழக்கம். கையால் தைத்த தோல் கட்டு இன்றைக்கும் போடுகிறார்கள். பின்பக்கப் படம் எங்கே?

நூற்கட்டு:
பின்பக்கம் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எபிரேய நூல் வலப்பக்கம் தைக்கப்பட்டது. தாளின் முன்பக்கத்தில் வெளி ஓரம் இடது கைப்பக்கம் வரும். எழுத்து வலமிருந்து இடம் போவதால் சீவினால் வரிக் கடைசி போகும். அதே தாளின் பின்பக்கத்தில் வெளி ஓரம் வலது. அங்கே வரித் தொடக்கம் போகும். கத்தி ஒன்றுதான். ஆகவே பின்பக்கக் குறிப்பும் விளிம்பை ஒட்டி ஓடியிருந்தால் அதிலும் முதல் எழுத்துகள் காணாமல் போயிருக்க வேண்டும். முன்பக்கத்தில் மட்டும் அறுந்து, பின்பக்கத்தில் குறிப்பு விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே ஒழுங்காகத் தொடங்கினால், பின்பக்கத்தை எழுதியவர் வெட்டிய தாளில்தான் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. பத்து மடங்கு லென்ஸில் தாளின் தடிமனைப் பாருங்கள். எழுதியபின் வெட்டியிருந்தால் மை விளிம்போடு சுத்தமாக நிற்கும். வெட்டியபின் எழுதியிருந்தால் மை விளிம்பைத் தாண்டி வெட்டுமுகத்தில் கசிந்திருக்கும்.

மைக்கூடு:
இதைத்தான் கேட்கிறேன். பின்பக்கப் படம் போடுங்கள்.

ஏடுதேடி:
பைண்டிங் வகுப்பு நடத்த இழை திறக்கவில்லை. வெட்டு இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம். மை பழுப்பேறி எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் போலப் படர்ந்திருக்கிறது. மாசிக்காயும் அன்னபேதியும் வேலம்பிசினும் சேர்ந்த மை. அது தாளை அரித்து மறுபக்கம் தெரிகிறது. இதை யாரும் நேற்று எழுதிவிட முடியாது.

மைக்கூடு:
அதே மையை இன்று அடுப்பில் காய்ச்சலாம். மூன்று பொருளும் கடையில் கிடைக்கும். அகச்சிவப்பில் ஏறத்தாழ 1000 நானோமீட்டரில் அந்த மை மங்கி மறையும், கரி மை கருப்பாகவே நிற்கும். ஆனால் மறைந்ததால் மட்டும் மாசிக்காய் மை என்று ஆகாது, பல சாய மைகளும் மறையும். வேறு இரண்டு இடம் பாருங்கள். முதலாவது, பூச்சித் துளை. துளை எழுத்தின் நடுவே போனால் எழுத்து முந்தியது, எழுத்து துளையைச் சுற்றி வளைந்தால் துளை முந்தியது. இரண்டாவது, தாளின் பசை. அந்தக் காலக் கந்தல் தாளுக்கு விலங்குப் பசை ஏற்றியிருப்பார்கள், மை கூராக நிற்கும். நனைந்தோ கழுவியோ பசை போன தாளில் பிற்பாடு எழுதினால் மை நூல் நூலாக ஊறும். உங்கள் படத்தில் மூன்றாவது வரி ஊறியிருக்கிறது.

ஏடுதேடி:
மூன்றாவது வரியில் ஈரக்கறை. ஊறவில்லை.

பழம்பதிப்பு:
வாசகம் ஒத்துப்போகிறது என்பதைச் சான்றாகக் காட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது உங்களுக்கு எதிரான சான்று. அச்சில் வந்த குறிப்பை மாணவர்கள் தம் பிரதியின் ஓரத்தில் எடுத்தெழுதுவது எங்கும் நடந்தது. போலந்து ரப்பி யோவேல் சிர்கெஸ் 1640இல் இறந்தார். அவர் தல்மூத் ஓரத்தில் செய்த திருத்தங்கள் 1824இல் வார்சாவில்தான் அச்சாயின, 184 ஆண்டு கழித்து. அதன்பின் அந்தத் திருத்தத்தைத் தாங்கிய ஓரமெல்லாம் சிர்கெஸின் கை என்பீர்களா?

எழுதியவர் யோசித்து அடித்தாரா, பார்த்தெழுதியவர் தடுமாறி அடித்தாரா என்று பாருங்கள். நூலாசிரியர் வாதத்தை மாற்றுவார், 'ஆராய வேண்டும்' என்ற த்ஸாதே-அயின் சுருக்கத்தைப் பிற்பாடு வேறு மையில் சேர்ப்பார். நகலெழுதுபவரின் கண் ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்தால் ஒரு வரியைத் தாவிவிடும். உங்கள் குறிப்பு 'நூன்-பேத்' என்று தொடங்குகிறது. 'அதன் பக்கத்தில் எழுதப்பட்டது' என்பதன் சுருக்கம் அது. பக்கத்திலேயே எழுதுகிறவருக்கு அதைச் சொல்ல என்ன தேவை? வேறோர் இடத்திலிருந்து எடுத்தெழுதியவர் போடும் முத்திரை அது.

ஏடுதேடி:
தம் ஓரத்திலேயே நூன்-பேத் போட்ட அறிஞர்கள் உண்டு. போன முறை 598ஆம் ஆண்டு (ஆயிரத்தை விட்டு எழுதிய எபிரேய ஆண்டு 5598) என்று தேதியிட்ட குறிப்பு ஐகருடையதாக இருக்கவே முடியாது, அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று அடித்துச் சொன்னவர் நீங்கள். அந்த ஆண்டு 1837 செப்டம்பர் 30இலேயே பிறந்துவிட்டது. அவர் இறந்தது அதன் முதல் மாதமான திஷ்ரியின் 13ஆம் நாள். பதின்மூன்று நாள் இருந்தது. இன்றுவரை அந்தத் தவறை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

பழம்பதிப்பு:
அந்தக் கடைசிப் பதின்மூன்று நாளுக்குள் எழுதினார் என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. அதையும் நீங்கள் காட்டவில்லை.

நூற்கட்டு:
பழைய இழையில் எய்கர், இங்கே ஐகர். முதலில் அதை ஒரே மாதிரி எழுதுங்கள். தேடுகிறவருக்கு எதுவும் அகப்படாது.

மைக்கூடு:
ஐகர். முடிந்தது. பின்பக்கப் படம்.

ஏடுதேடி:
முகப்புத் தாளில் 'பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது' என்ற சங்கீத வரியும் அதன்கீழ் 'அகிவா' என்ற பெயரும் இருக்கின்றன. இதற்கும் கத்தியா?

மைக்கூடு:
அந்த வரி நூலுக்குச் சொந்தக்காரர் போடும் வழக்கமான வாசகம். பெயரை மகனோ பேரனோ எழுதியிருக்கலாம். சொந்தக்காரர் ஒருவர், குறிப்பெழுதியவர் இன்னொருவர் என்பது சாதாரணம். ஒரே நூலில் மூன்று கை இருக்கும். முகப்பின் லாமெத் எழுத்தும் ஓரத்தின் லாமெத் எழுத்தும் ஒன்றா என்று ஒப்பிட்டீர்களா? ஐகர் கையொப்பமிட்ட கடிதங்களோடு ஒப்பிட்டீர்களா? குறிப்பில் யாராவது பெயருக்குப் பின் இறந்தவருக்குப் போடும் 'நினைவு ஆசீர்வாதமாக' என்ற சுருக்கம் வருகிறதா? வந்தால் அந்த ஆள் எப்போது இறந்தார் என்று பார்த்தீர்களா? எதையும் செய்யாமல் ஒரு லாமெதின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

பழம்பதிப்பு:
ஓரக்குறிப்பு என்றாலே புனிதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் தல்மூத் அறிஞர் ரப்பேனு தாம் சண்டை போட்டதே திருத்தங்களிடமிருந்து மூலத்தைக் காப்பாற்றத்தான். திருத்தத்தை மூலத்துக்குள் நுழைக்காதே, அழிக்காதே என்றார். தமக்கு முந்தைய அறிஞர் ரப்பேனு கெர்ஷோம் அப்படி அழிப்பவர்களைச் சபித்தார் என்று நினைவூட்டினார். தம் சொந்த அண்ணன் ரஷ்பாமையே கடிந்துகொண்டார். பிற்பாடு 16ஆம் நூற்றாண்டு ரப்பி ஷ்லோமோ லூரியாவின் திருத்தங்கள் பலவற்றை அச்சடிப்பவர்கள் மூலத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். எது திருத்தம், எது மூலம் என்று இப்போது பிரிப்பது கடினம். அதனால்தான் யார் கை என்பதில் கறாராக இருக்கிறேன். பேர் மாறினால் தீர்ப்பின் கனம் மாறும்.

ஏடுதேடி:
தீர்ப்பின் கனத்தை நான் பேசவில்லை. குறிப்பு பழையது என்றேன்.

மைக்கூடு:
'அவர் கையேதான், சந்தேகமில்லை' என்றீர்கள். மேலே எடுத்துப் போட்டிருக்கிறேன்.

ஏடுதேடி:
வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டுப்பட்டதை வெட்டுப்படவில்லை என்று உங்களால் ஆக்க முடியாது. என் கருத்தில் மாற்றமில்லை.

மைக்கூடு:
வெட்டுப்படவில்லை என்று யார் சொன்னது? இரண்டாவது வரியிலிருந்து ஆறாவது வரி வரை நான்கு எழுத்து போயிருக்கிறது, எண்ணிவிட்டேன். அதே தாள், அதே உயரம், பின்பக்கம். அந்தப் படம்.

நூற்கட்டு:
எடுக்கும்போது தாளை முழுக்க விரிக்க வேண்டாம், தையல் உடையும். 90 பாகைக்குத் திறந்து, கீழே மெத்தை வைத்து, பக்கவாட்டிலிருந்து சாய்வாக வெளிச்சம் விட்டு எடுங்கள்.

ஏடுதேடி:
எடுக்கும் உத்தேசமில்லை.